குறையைச் சொல்ல ஒரு சிரிப்புப் படம்

மார்ச் 31 நெருங்கும்போது கடைகளிலும் கிட்டங்கிகளிலும் இருப்பு எடுக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. எத்தனை மூட்டை இருக்கிறது, எத்தனை பாக்கெட் காலாவதியாகிவிட்டது, எலி கடித்தது எவ்வளவு, டின்னில் கசிந்த எண்ணெய் எவ்வளவு, யார் கணக்கில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். கணக்குப்பிள்ளை தாள் நிறைய எண்களை எழுதி முதலாளியிடம் நீட்டுகிறார். முதலாளி கடைசி வரியைப் பார்க்கிறார். நஷ்டம் கூடியிருந்தால் சத்தம் போடுகிறார். கடைப் பையன்கள் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். ஏப்ரல் பிறந்ததும் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விடுகிறது. அடுத்த மார்ச்சில் அதே குறைகள் மறுபடியும் தாளில் ஏறுகின்றன.

வேலையை மதிப்பிடுவதில் வணிகர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாம் தினமும் இரவு கல்லாவை எண்ணுகிறவர்கள். சிக்கல் அடுத்த படியில்தான் இருக்கிறது. கண்டுபிடித்த குறையை, அதைத் திருத்த வேண்டியவர் மனதில் பதியும்படி சொல்வது எப்படி? உலகத்தில் பலர் இதற்குக் கையாண்ட ஒரு வழி நகைச்சுவை. குறிப்பாகக் கார்ட்டூன் எனப்படும் கேலிச்சித்திரம். விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த வழியில் நம் தொழிலுக்குப் பயன்படும் விஷயம் நிறைய உண்டு.

சத்தம் போட்டால் சரக்கு ஒளிகிறது

கடையில் ஒரு பையன் ஜாம் பாட்டிலை உடைத்துவிடுகிறான். நாலு வாடிக்கையாளர் முன்னால் அவனைத் திட்டினால் அடுத்த முறை என்ன செய்வான்? உடைந்ததை வாரி யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுவான். காலாவதியான பிஸ்கட் பெட்டியை அலமாரியின் கடைசி வரிசைக்குத் தள்ளுவான். எடை குறைவாக வந்த மூட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டான். உடைந்த பாட்டிலின் விலை போனது போகட்டும். அதன் பிறகு கடையில் நடப்பது எதுவும் முதலாளியின் காதுக்கு வராது என்பதுதான் பெரிய நஷ்டம். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. அரண்மனைக்குச் சொன்னது கடைக்கும் பொருந்தும்.

அதே குறையை ஒரு படமாகப் போட்டுச் சுவரில் ஒட்டினால் நடப்பது வேறு. படத்தில் இருப்பவன் குறிப்பிட்ட பையன் இல்லை, யாரோ ஒருவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்தபின், “நாமும் இப்படித்தான் செய்கிறோம்” என்று அவரவர் மனதுக்குள் ஒரு குரல் கேட்கிறது. யாரும் தலை குனியவில்லை, ஆனால் விஷயம் உள்ளே போய்விட்டது. மேலும், திட்டு அன்றோடு மறந்துபோகும். படம் சுவரிலேயே இருக்கும். பத்து முறை கண்ணில் படும்.

நம் தொழிலில் பிறந்த கேலிப்படம்

கேலிப்படம் வணிகர்களுக்கு அந்நியமானது அல்ல. ஒரே தாளில் இரண்டு வியாபாரிகள். ஒருவர் தொந்தியும் தொப்பையுமாகச் சிரித்துக்கொண்டு, பணப்பெட்டி நிறைந்திருக்க உட்கார்ந்திருக்கிறார். அவர் ரொக்கத்துக்கு விற்றவர். பக்கத்தில் எலும்பும் தோலுமாகக் கிழிந்த சட்டையுடன் தலையில் கை வைத்திருப்பவர் கடனுக்கு விற்றவர். காலிப் பெட்டியைச் சுற்றி எலி ஓடுகிறது. இந்தப் படம் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டுக் கடைகளில் தொங்கியது. வட இந்தியாவில் இந்தி எழுத்துகளோடு எத்தனையோ கடைகளில் மாட்டப்பட்டது.

பிரான்சு நாட்டில் இதைவிடப் பழைய ஒரு படம் உண்டு. ‘கடன்’ என்பவன் செத்துத் தரையில் கிடக்கிறான். கடனைத் திருப்பித் தராதவர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று படத்தில் எழுதியிருக்கும். அந்த நாட்டுச் சாராயக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இதை விரும்பி மாட்டின. எப்பினால் என்ற ஊரின் அச்சுக்கூடங்கள் இத்தகைய மலிவு விலைப் படங்களுக்குப் பேர் போனவை.

நம் பக்கத்தில் படம் இல்லாவிட்டாலும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகை உண்டு. நாளைக்கு வந்து பார்த்தாலும் பலகை அதையேதான் சொல்லும்! அதைப் படித்து முகம் சுளித்தவர் குறைவு. சிரித்துக்கொண்டே பர்சை எடுத்தவர் அதிகம். “உங்களுக்குக் கடன் கிடையாது” என்று ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு நாக்கு எழாது. அந்தச் சங்கடமான வேலையைப் பலகை செய்துவிடுகிறது. யாரையும் குறிப்பிடாமல், உறவு முறியாமல், உறுதியாகச் சொல்லிவிடுகிறது. தொழிலில் நகைச்சுவையின் பயன் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பட்டாளத்துக்கு ஒரு கார்ட்டூன் பத்திரிகை

வேலையில் உள்ள குறையைப் படம் போட்டுச் சொல்வதைப் பெரிய அளவில் செய்து காட்டியது எந்த வியாபார நிறுவனமும் இல்லை, அமெரிக்க ராணுவம்! வில் ஐஸ்னர் என்ற ஓவியர் 1940 முதல் ‘ஸ்பிரிட்’ என்ற துப்பறியும் படக்கதையை வரைந்து பெயர் பெற்றவர். 1942-இல் அவர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். லாரி, ஜீப், டாங்கி என்று வாகனங்கள் குவிந்திருந்தன. ஓட்ட ஆள் இருந்தது. ஆனால் எண்ணெய் மாற்றுவது, டயரில் காற்றுப் பார்ப்பது, தளர்ந்த நட்டை முடுக்குவது போன்ற அன்றாடப் பராமரிப்புதான் தகராறு. தடிமனான கையேடுகள் இருந்தன; அவற்றைப் பிரித்துப் படிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

ராணுவம் அப்போது நடத்திய ‘ஆர்மி மோட்டார்ஸ்’ என்ற பத்திரிகையில் ஐஸ்னர் படம் போட்டார். ‘ஜோ டோப்’ என்று ஒரு சிப்பாய். ‘டோப்’ என்றால் அவர்கள் பேச்சில் மண்டு. எந்த வேலையைக் கொடுத்தாலும் தப்பாகவே செய்து வண்டியைக் கெடுப்பவன். அவனைப் பார்த்துச் சிரிக்கும் சிப்பாய், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டான். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல ‘கானி ராட்’ என்ற பெண் பாத்திரம் இருந்தது. என்ஜினில் உள்ள கனெக்டிங் ராடைத் திரித்து வைத்த பெயர் அது.

போருக்குப் பின் 1951 ஜூனில் ‘பி.எஸ்.’ என்ற பெயரில் ராணுவம் ஒரு பராமரிப்பு மாத இதழைத் தொடங்கியது. ‘பி.எஸ்.’ என்றால் கடிதத்தின் அடியில் நாம் போடும் பின்குறிப்பு. பெரிய கையேடுகளுக்கு இது ஒரு பின்குறிப்பு என்று பொருள். ஐஸ்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இதற்குப் படம் போட்டார். அவருக்குப் பின்னும் வேறு ஓவியர்களைக் கொண்டு இதழ் பல பத்தாண்டுகள் வந்தது. பட்டாளத்து ஒழுங்கு எவ்வளவு கண்டிப்பானது என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலேயே, “படி, இல்லாவிட்டால் தண்டனை” என்ற உத்தரவு மட்டும் போதவில்லை. சிரிக்க வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

படம் செய்ய முடியாத வேலை

இதே கதையின் இன்னொரு பாகத்தை முதலாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களுக்கு எம்-16 என்ற புதிய துப்பாக்கி கொடுக்கப்பட்டது. சண்டையின் நடுவில் அது சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் உள்ளேயே நின்றது. எதிரி எதிரே நிற்கும்போது துப்பாக்கி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? உயிர்கள் போயின. வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் அரசியல்வாதிகளின் கைக்குப் போயின. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது.

வீரர்கள் துப்பாக்கியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விசாரணையில் வெளிவந்தது என்ன? தோட்டாவில் போடும் வெடிமருந்தின் வகையைப் போதிய சோதனை இல்லாமல் மேலிடமே மாற்றியிருந்தது. துடைக்கத் தேவையான சாமான்கள் போதுமான அளவு வீரர்களிடம் போய்ச் சேரவில்லை. சரியான பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. அதன் பிறகுதான் துப்பாக்கியின் உட்பகுதிக்குக் குரோமியப் பூச்சு கொடுத்தார்கள், துடைக்கும் சாமான்களை அனுப்பினார்கள், பயிற்சியைக் கூட்டினார்கள். இவற்றோடு 1968-இல் ஐஸ்னர் படம் போட்ட 32 பக்கச் சிறு புத்தகம் ஒன்றையும் வீரர்கள் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கியை எப்படிப் பிரிப்பது, எங்கே துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது என்பதெல்லாம் வண்ணப் படங்களாக அதில் இருந்தன.

இதன் பாடம் தெளிவானது. துடைக்கத் துணி கொடுக்காமல், “துடைக்காதவன் மண்டு” என்று படம் போட்டால் அது நியாயம் ஆகாது. கிட்டங்கியில் விளக்கு எரியவில்லை, ஏணி உடைந்திருக்கிறது, பழைய சரக்கையும் புதிய சரக்கையும் பிரித்து வைக்க இடமில்லை என்ற நிலையில், பையன் தேதி பார்க்கவில்லை என்று கேலி செய்து பயனில்லை. முதலில் முதலாளி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அதன் பிறகு படத்தை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பையன்கள் சிரிப்பார்கள்தான்; ஆனால் படத்தைப் பார்த்து அல்ல.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு குறையும் உண்டு. துப்பாக்கியை ஓர் அழகியாக உருவகம் செய்து பல கேலிகள் அதில் வந்தன. இளைஞர்கள் மட்டும் இருந்த பாசறையில் அன்று அது எடுபட்டிருக்கலாம். பெண்கள் வேலை செய்கிற, பெண்கள் வந்து சாமான் வாங்குகிற நம் கடைகளுக்கு அந்த வகை வேடிக்கை ஒருபோதும் உதவாது.

பேசாத வாடிக்கையாளர்

நம் நாட்டுக்கு வருவோம். ஆர்.கே. லட்சுமண் 1951 முதல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் வரைந்த சாமானிய மனிதரை அறியாதவர் குறைவு. கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி. அமைச்சர் வருவார், அதிகாரி வருவார், ஒப்பந்தக்காரர் வருவார், எல்லோரும் பேசுவார்கள். இவர் மட்டும் வாயே திறக்க மாட்டார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அரசாங்கத்தின் வேலையை மதிப்பிட எத்தனையோ குழுக்கள் தடித்த அறிக்கைகள் கொடுத்தன. 2015-இல் மறைந்த லட்சுமண், அதே மதிப்பீட்டைப் பல பத்தாண்டுகள் ஒரு சிறிய கட்டத்துக்குள் மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சாமானிய மனிதர் தினமும் நம் கடைக்கும் வருகிறார். தராசில் தட்டு நிற்பதற்குள் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கிறார். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் நீட்டுவதைப் பார்க்கிறார். போனில் பேசிக்கொண்டே சாமான் எடுத்துப் போடுவதைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த மாதம் அவருடைய மளிகைப் பட்டியல் வேறு கடைக்கோ, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெரிய கம்பெனிக்கோ போய்விடுகிறது. கடைக்கு வந்து சண்டை போடுகிற வாடிக்கையாளர் நமக்கு நல்லதே செய்கிறார், குறையைச் சொல்லிவிட்டார். பேசாமல் போகிறவரின் மதிப்பீட்டை நமக்குச் சொல்ல யாரும் இல்லை. லட்சுமணின் மனிதரைப் போல ஒருவரை நம் கடையின் ஓரத்தில் நிறுத்தி, “இவர் இன்று என்ன பார்த்தார்?” என்று வாரம் ஒரு படம் போட்டால், அந்தக் குறை ஓரளவு தீரும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கிருஷ்ணதேவராயரின் அவையில் தெனாலிராமன் செய்ததாகச் சொல்லப்படும் வேடிக்கைகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ராஜகுருவோ அரசரோதான் அசடு வழிவார்கள். ஏழைக் குடியானவனை அழ வைத்து அவன் சிரித்ததாகக் கதை இல்லை. சிரிப்பு கீழிருந்து மேலே போனால் வேடிக்கை. மேலிருந்து கீழே வந்தால் அவமானம். சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவரைக் கேலி செய்தால் அவரும் கூடச் சிரித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சிரிப்பில் உண்மை இருக்காது.

ஆகவே கடையில் முதல் கேலிப்படம் முதலாளியைப் பற்றியதாக இருக்கட்டும். தம்மைப் பற்றிய வேடிக்கையைத் தாங்குகிற முதலாளியின் சொல்லுக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. தாங்க முடியாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவை, சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் இழிவு செய்வதாகச் சொல்லி, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பலத்த கண்டனம் எழவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரு வாரம் கடைகளில் தொங்கி மறைந்திருக்க வேண்டிய அட்டைப்படத்தை நாடு முழுவதும் பேச வைத்தது அந்தத் தண்டனைதான்.

நம் கடையில் என்ன செய்யலாம்?

பெரிய ஓவியர் தேவையில்லை. வட்டம் ஒன்று, கோடு நாலு போட்டால் மனிதன். கடையில் வேலை செய்பவர்களில் யாராவது ஒருவருக்கு நிச்சயம் படம் வரும். அவருக்கு ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். தொடங்கி வைக்கச் சில யோசனைகள்:

1. பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு: அலமாரியின் பின்வரிசையில் ஒரு ரவை பாக்கெட், நரைத்த தாடியுடன் ஊன்றுகோல் பிடித்து நிற்கிறது. முன்னால் இளம் பாக்கெட்டுகள் குதித்துக்கொண்டு பைக்குள் போகின்றன. தாத்தா பாக்கெட் கேட்கிறது: “என் முறை எப்போதுதான் வரும்?”

2. அடிக்கடி இருப்புப் பார்க்க வேண்டும் என்பதற்கு: கிட்டங்கியில் இரண்டு எலிகள். ஒன்று சொல்கிறது: “இவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இருப்பு எடுக்கிறார்கள். நாம்தான் தினமும் எடுக்கிறோம்.”

3. வாடிக்கையாளரைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்கு: முதலாளி போனில் பேசிக்கொண்டிருக்கிறார். வரிசையில் முதலில் நிற்பவருக்கு மீசை, அடுத்தவருக்குத் தாடி, கடைசியில் நிற்பவர் பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

4. பாக்கி வசூலுக்கு: கடன் நோட்டு பருத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் இளைத்துப்போய் அதற்கு விசிறிக்கொண்டிருக்கிறார்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒரு படத்தில் ஒரு விஷயம் போதும். யாருடைய பெயரும், உருவமும், ஊரும், சாதியும், உடல் குறையும் அதில் வரக்கூடாது. வாடிக்கையாளரைக் கேலி செய்யும் படம் கடைக்குள்ளேயே வேண்டாம். வேலை செய்பவர்களுக்கான படத்தை அவர்கள் சாப்பிடும் இடத்திலோ கிட்டங்கி வாசலிலோ மாட்டினால் போதும். கல்லா அருகில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால், கடைக்குள் போட்ட படம் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் போகும் என்பதை மறக்கக் கூடாது. பதினைந்து நாளைக்கு மேல் ஒரே படம் இருந்தால் அது சுவரோடு சுவராகிவிடும், மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் கீழே ஒரு எண் இருக்க வேண்டும். தாத்தா ரவைக்குக் கீழே, ‘போன மாதம் காலாவதியானது 14 பாக்கெட்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அதே இடத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். 14 என்பது 5 ஆகியிருந்தால் எல்லோருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். 14 என்பது 16 ஆகியிருந்தால் பையன்களைத் திட்டும் முன் ஏணியையும் விளக்கையும் கொள்முதல் அளவையும் பாருங்கள். தேவைக்கு மேல் சரக்கு எடுத்தது யார் என்று பாருங்கள். எண் இல்லாத படம் வெறும் வேடிக்கை. படம் இல்லாத எண் கோப்புக்குள் தூங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் மதிப்பீடு வேலைக்கு ஆகும்.

சிரிப்பு எல்லாவற்றுக்கும் மருந்து ஆகிவிடாது. கல்லாவில் கை வைத்தவனுக்கும், எடையில் வேண்டுமென்றே ஏமாற்றுபவனுக்கும் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே நேரடியாகக் கேட்க வேண்டும், கண்டிக்க வேண்டும். ஆனால் நம் கடைகளில் நடக்கும் நஷ்டத்தில் திருட்டைவிடக் கவனக்குறைவும், மறதியும், சொல்லப் பயந்து மறைத்ததும்தான் அதிகம் என்பது கல்லாவில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். அவற்றுக்கு இந்த முறை நன்றாகவே உதவும்.

வருகிற புதுக்கணக்கு நாளன்று மஞ்சள் தடவிய புதுப் பேரேட்டோடு ஒரு வெள்ளை அட்டையும் வாங்கி வைப்போம். முதல் படத்தில் முதலாளி இருக்கட்டும்.